அந்தப் பெண் யார் என்று கேட்காதீர்கள்

2008 ஆகஸ்டில் ரோமில் ஒரு வேடிக்கை நடந்தது. இத்தாலியப் பிரதமரின் அலுவலகம் இருக்கும் கீஜி மாளிகையில், செய்தியாளர்களைச் சந்திக்கும் அறையில், பேச்சு மேடைக்குப் பின்னால் ஒரு பெரிய ஓவியத்தின் நகல் மாட்டியிருந்தது. அசலை வரைந்தவர் 18ஆம் நூற்றாண்டு வெனிஸ் ஓவியர் ஜாம்பத்திஸ்தா தியெப்போலோ. அது விச்சென்ஸா நகரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. படத்தில் ஓர் இளம்பெண், ஒரு பக்க மார்பு திறந்தபடி. தொலைக்காட்சியில் பார்த்தால், அப்போதைய பிரதமர் சில்வியோ பெர்லுஸ்கோனியின் தலைக்குப் பக்கத்திலேயே அது தெரிந்தது. பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்களே என்று அவருடைய ஆட்களுக்குக் கவலை. நகலில் ஏற்கெனவே இருந்த துணியைக் கொஞ்சம் நீட்டி வரையவைத்து மூடிவிட்டார்கள்.

அந்த ஓவியத்தின் பெயர் ‘காலம் திரைவிலக்கும் உண்மை’.

உண்மையின் மேலிருக்கும் துணியைக் காலம் எடுக்கிறது. அரசாங்கம் திரும்பப் போர்த்துகிறது. பத்திரிகைக்காரர்கள் சும்மா விடுவார்களா?

மூடச் சொன்னவர்கள் படத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தார்கள். சிரித்தவர்கள் ஒரு சொல்லைப் பார்த்தார்கள். உருவக ஓவியம் என்ற வகையே இந்த இரண்டாவது பார்வைக்காக வரையப்பட்டதுதான். அதில் இருப்பது ஆள் இல்லை, ஆள் வேஷம் போட்ட பெயர்ச்சொல். ‘இவள் யார்?’ என்று கேட்டால் படம் வாயைத் திறக்காது. ‘இவள் எந்தச் சொல்?’ என்று கேட்டால் பேச ஆரம்பிக்கும்.

சரி, அந்தச் சொல் ஏன் திரும்பத் திரும்பப் பெண்ணாகவே வருகிறது?

முதல் காரணம் இலக்கணம். தமிழில் உண்மை, அழகு, நீதி, முதுமை எல்லாமே அஃறிணை. ‘அது’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். இத்தாலிய மொழியில் அந்த வசதி கிடையாது. அங்கே உயிரில்லாத பொருளுக்கும் பால் உண்டு. கதவு பெண்பால், புத்தகம் ஆண்பால். வெரித்தா (உண்மை), பெல்லெத்ஸா (அழகு), ஜுஸ்தீத்ஸியா (நீதி), வெக்கியாயா (முதுமை) ஆகிய நான்கும் பெண்பால் சொற்கள். அவற்றுக்கு லத்தீனில் இருந்த சொற்களும் பெண்பால்தான். ஆகவே அவற்றுக்கு உருவம் கொடுக்கும்போது கை தானாகவே பெண்ணை வரைந்தது. தெம்போ, அதாவது காலம், இத்தாலியனில் ஆண்பால். அதனால்தான் உண்மையின் திரையை விலக்குபவர் தாடி வைத்த கிழவராக இருக்கிறார். தமிழிலும் இப்படி நடந்திருக்கிறது: காலம் என்ற சொல்லுக்கு ‘ன்’ விகுதி சேர்த்து ‘காலன்’ ஆக்கியவுடனே அது பாசக்கயிற்றோடு வரும் ஆளாகிவிட்டது.

இலக்கணம் மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். இந்தப் படங்களுக்குக் காசு கொடுத்தவர்கள் பெரும்பாலும் பணக்கார ஆண்கள். ஆடையில்லாத பெண்ணை அப்படியே வரைந்து வரவேற்பறையில் மாட்டினால் வீட்டுக்கு வரும் பாதிரியார் என்ன நினைப்பார்? ‘இது உண்மை ஐயா, உண்மைக்கு ஒப்பனை கூடாதல்லவா’ என்றால் பேச்சு முடிந்தது. இந்தக் கள்ளத்தனத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் படத்தை முழுதாகப் பார்த்ததாகாது.

கறி வெட்டியவர் எழுதிய அகராதி

வரைந்தவருக்கும் பார்த்தவருக்கும் பொதுவாக ஓர் அகராதி இருந்தது. எழுதியவர் செசாரே ரீப்பா. பெருஜா ஊர்க்காரர், ரோமில் கார்டினல் என்ற உயர்நிலைக் கத்தோலிக்கக் குரு ஒருவரின் வீட்டில் வேலை பார்த்தார். விருந்து மேசையில் இறைச்சியை முறைப்படி வெட்டிப் பரிமாறுவது அவர் பொறுப்பு. அந்தக் காலத்தில் அது மதிப்பான உத்தியோகம். மீந்த நேரத்தில் பழைய நாணயங்கள், சிலைகள், நூல்களைத் துருவி, ‘பொறாமை எப்படி இருப்பாள், நட்பு எப்படி இருப்பாள், கையில் என்ன வைத்திருப்பாள்’ என்று அகர வரிசையில் எழுதினார். ‘இகோனொலோஜியா’ என்ற அந்த நூல் 1593இல் படம் எதுவும் இல்லாமல் வந்தது. 1603இல் மரச்செதுக்குப் படங்களோடு வந்த பதிப்புதான் ஐரோப்பா முழுக்கப் பரவியது. இருநூறு ஆண்டுகளுக்கு ஓவியர்களின் மேசையில் அது இருந்தது. 1760களில்கூடப் பெருஜாவில் ஐந்து தொகுதிகளாக விரித்து அச்சிட்டார்கள்.

உண்மைக்கு ரீப்பா சொல்லும் அடையாளங்கள் இவை: ஆடையில்லாத அழகிய பெண். வலக்கையில் சூரியன். இன்னொரு கையில் திறந்த புத்தகமும் பேரீச்ச ஓலையும். காலடியில் உலக உருண்டை. ஒவ்வொன்றுக்கும் அவரே காரணமும் சொல்கிறார். உண்மை எளிமையானது, அணிகலன் வேண்டாம், அதனால் ஆடையில்லை. அது வெளிச்சத்துக்குத் தோழி, அதனால் சூரியன். உலகத்துப் பொருள் எல்லாவற்றையும்விட அது உயர்ந்தது, அதனால் உருண்டை காலுக்குக் கீழே.

இந்த வரிகளைப் படித்துவிட்டு ரோமில் நடந்ததை மறுபடி நினைத்துப் பாருங்கள். மூடப்பட்டது உடம்பு இல்லை. ‘உண்மைக்கு அணிகலன் வேண்டாம்’ என்ற வாக்கியம்.

காலமும் உண்மையும் ஏன் ஜோடியாக வருகிறார்கள் என்பதற்கும் ஒரு பழைய வாக்கு இருக்கிறது. ‘உண்மை, காலத்தின் மகள்’ என்பது ரோமானியர் காலத்திலிருந்தே புழங்கிய பேச்சு. அப்படியென்றால் தியெப்போலோவின் கிழவர், துகிலுரிகிற துச்சாதனன் இல்லை. நாளாவட்டத்தில் தன் மகளை உலகுக்குக் காட்டுகிற அப்பா. உறவு தெரிந்ததும் அந்தக் கையின் அர்த்தமே மாறிவிடுகிறது.

ஓவியர்கள் ரீப்பாவை எழுத்துக்கு எழுத்து பின்பற்றினார்கள் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஓவியக் கலையைப் பெண்ணாக வரையும்போது அவள் வாயைத் துணியால் கட்ட வேண்டும் என்று ரீப்பா எழுதினார். ஓவியம் பேசாத கவிதை என்ற பழமொழிக்காக. பல ஓவியர்கள் அந்தத் துணியை நைசாக விட்டுவிட்டார்கள். தங்கள் கலைக்குத் தாங்களே வாய்க்கட்டுப் போட யாருக்கு மனம் வரும்?

ஒரு படத்தை நிதானமாக

லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் 1746ஆம் ஆண்டுப் படம் ஒன்று இருக்கிறது. வரைந்தவர் பொம்பேயோ பத்தோனி. லூக்கா நகரத்துப் பொற்கொல்லர் மகன், ரோமுக்கு வந்து பெரிய பெயர் எடுத்தவர். உயரம் சுமார் நாலரை அடி. உள்ளே மூன்று பேர்: ஒரு கிழவர், ஒரு கிழவி, ஓர் இளம்பெண். கிழவர் விரல் நீட்டுகிறார். கிழவி இளம்பெண்ணின் முகத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோகிறாள். தலைப்பைப் படிக்காமல் முதன்முதலில் பார்த்தபோது, தாத்தாவும் பாட்டியும் சேர்ந்து பேத்தியைக் கண்டிக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

‘யார்’ என்று கேட்டதால் வந்த வினை. கிழவரை இன்னொரு முறை பார்த்தால் முதுகில் பெரிய இறக்கைகள். கையில் மணற்கடிகாரம். தாத்தாவுக்கு இறக்கை இருக்காது. பறப்பதும் அளப்பதுமான ஒரு பொருள் என்றால் அது காலம்தான். (வேறு படங்களில் அவர் கையில் நீண்ட பிடி வைத்த கதிர் அரிவாளும் இருக்கும். காலத்துக்கான கிரேக்கச் சொல்லும், பிள்ளைகளைத் தின்ற குரோனோஸ் என்ற தெய்வத்தின் பெயரும் காதுக்கு ஒன்றுபோல இருந்ததால், அந்தத் தெய்வத்தின் அரிவாள் காலத்தின் கைக்கு வந்து சேர்ந்தது. ஒலி மயக்கம் ஒரு ஆயுதத்தையே கொடுத்துவிட்டது.) காலம் என்று ஒருவரைப் பிடித்துவிட்டால் மற்ற இருவரும் எந்தச் சொற்கள் என்பது தானாகவே விளங்கிவிடுகிறது. கிழவி முதுமை. இளம்பெண் அழகு. படத்தின் பெயர் ‘அழகை அழிக்கும்படி முதுமைக்குக் காலம் கட்டளையிடுகிறது’.

இங்கேதான் உருவக ஓவியத்தின் அடுத்த படி வருகிறது. தனியாக நிற்கும் பெண் ஒரு சொல் என்றால், மூன்று பேர் சேர்ந்து ஏதாவது செய்தால் அது வாக்கியம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை எல்லாம் படத்திலேயே இருக்கின்றன. எனவே அடையாளங்களைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தக் கூடாது. யார் யாரை என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் காலம் அழகைத் தொடவே இல்லை. விரலை மட்டும் நீட்டுகிறது. வேலையைச் செய்வது முதுமை. அதுவும் கத்தி கபடா எதுவும் இல்லாமல், வெறும் கையால். கன்னத்தில் கை வைத்தால் போதும் என்பதுபோல.

இன்னொன்று எனக்குத் தோன்றும். அந்தக் கிழவியும் ஒரு காலத்தில் இந்த இளம்பெண்ணாக இருந்தவள்தானே? ஆனால் இப்படி நினைக்கப் படத்தில் தனியாக ஓர் ஆதாரமும் இல்லை. இது என் சொந்தக் கற்பனை. படம் சொல்வதையும் நாம் சேர்ப்பதையும் மனதுக்குள்ளேயே இரண்டு பத்தியாகப் பிரித்து வைத்துக்கொள்வது நல்லது. சேர்ப்பது தப்பில்லை, கலந்துவிடுவதுதான் தப்பு.

இந்தப் படத்தில் நமக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. படத்தில் என்ன இருக்கிறது என்று பத்தோனியே, வாங்கியவருக்கு எழுதிய கடிதத்தில் விளக்கியிருக்கிறார். வாங்கியவர் பர்த்தொலொமேயோ தாலெந்தி என்ற லூக்கா நகரத்துச் சேகரிப்பாளர். அவருக்காக இதற்கு ஜோடியாக இன்னொரு படமும் வரைந்தார். அதன் சொல் ‘காமம்’. இரண்டும் ஒரே சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் என்ன பொருள் வரும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் படத்தில் இன்பம் கூப்பிடுகிறது, அடுத்ததில் கணக்குத் தீர்க்க ஆள் வந்துவிடுகிறது. இன்று ஒன்று லண்டனில், இன்னொன்று பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜில். பாதி வாக்கியம் ஒரு நாட்டில், மீதி இன்னொரு நாட்டில். அருங்காட்சியகத்தில் தனியாகத் தொங்கும் உருவகப் பெண்ணைப் பார்க்கும்போது, இவளுக்குப் பக்கத்தில் முதலில் யார் இருந்தார்கள் என்று கேட்பது நல்ல பழக்கம்.

கண்ணாடி படுத்தும் பாடு

ரீப்பாவைப் படித்தவுடன் எல்லாப் பொருளுக்கும் ஒரே அர்த்தம் என்ற நினைப்பு வரும். அங்கேதான் புதிதாக வருபவர்கள் சறுக்குகிறார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். நகைகளும் சீப்பும் பக்கத்தில் இருந்தால் கண்ணாடி வைத்திருப்பவள் வீண்பெருமை. கையைச் சுற்றிப் பாம்பு இருந்தால் அதே கண்ணாடி விவேகம்: ‘பாம்புகளைப் போல விவேகமுள்ளவர்களாய் இருங்கள்’ என்ற மத்தேயு சுவிசேஷ வசனத்திலிருந்து வந்த பாம்பு அது. தன்னைத்தானே பார்த்துத் தெரிந்துகொள்வதற்கான கண்ணாடி. பொய் சொல்லாது என்பதால் சில படங்களில் அது உண்மையின் கையிலும் இருக்கும். ஆக, கண்ணாடி எழுத்து மாதிரி. தனியாக அர்த்தம் கிடையாது, பக்கத்து எழுத்தோடு சேர்ந்தால்தான் சொல்.

நீதியின் கண்கட்டும் இப்படித்தான். இன்று அதைப் பாரபட்சமின்மை என்று படிக்கிறோம். ஆனால் 1494இல் பாசல் நகரில் அச்சான ஒரு நையாண்டி நூலின் படத்தில், நீதியின் கண்ணைக் கட்டுவது ஒரு கோமாளி. ‘இவளுக்கு ஒன்றும் தெரியாது’ என்ற கேலி அது. கேலியாக வந்த துணி பிறகு பெருமையாக மாறியது. 2024 அக்டோபரில் செய்தியான, டெல்லி உச்ச நீதிமன்ற நூலகத்தின் புதிய நீதிதேவதைச் சிலையில் கண்கட்டு இல்லை. வாளுக்குப் பதில் அரசமைப்புச் சட்டம். தராசு மட்டும் அப்படியே. ரீப்பாவின் இலக்கணம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெண் அதே பெண். கையில் இருப்பதை மாற்றினால் சொல் மாறுகிறது.

காசு கொடுத்தது யார்?

வெனிஸில் பெருங்கால்வாய் ஓரத்தில் ரெத்ஸோனிக்கோ மாளிகை இருக்கிறது. 1750களின் கடைசியில் தியெப்போலோ அதன் உள்கூரைகளில் ஈரச் சுண்ணத்தின் மேல் ஓவியம் தீட்டினார். ஓர் அறையில் நிமிர்ந்து பார்த்தால், தலையில் வாகை சூடிய தாடிக்காரர் ஒருவர் புகழின் கோயிலை நோக்கிப் போகிறார். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள். தாடிக்காரர் ‘தகுதி’, மெரித்தோ, ஆண்பால் சொல். பெண்கள் ‘குலப்பெருமை’யும் ‘நற்குணம்’ என்பவளும். தகுதியும் குணமும் குலமும் சேர்ந்து புகழடைகின்றன என்பது வாக்கியம். அழகான வாக்கியம்தான். ஆனால் ரெத்ஸோனிக்கோ குடும்பம் வெனிஸின் பிரபுக்கள் பட்டியலில் சேர்ந்தது 1687இல், பெரும் பணம் கட்டி. பல நூறு ஆண்டுப் பரம்பரை உள்ள பக்கத்து வீட்டுப் பிரபுக்கள் விருந்துக்கு வந்து, கழுத்தை வளைத்து அந்தக் ‘குலப்பெருமை’யைப் பார்த்திருப்பார்கள். அப்போது அவர்கள் உதட்டோரம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

உருவகம் பொய் சொல்லுமா என்றால், சொல்லும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் அரண்மனையின் மாடிப்படிக்கு மேலே, 1752–53இல் இதே தியெப்போலோ, அன்றைய ஐரோப்பியர் எண்ணிய நான்கு கண்டங்களையும் நான்கு பெண்களாகத் தீட்டினார். ஆசியா யானை மேல், ஆப்பிரிக்கா ஒட்டகத்தோடு, அமெரிக்கா பெரிய முதலை மேல். ஐரோப்பா மட்டும் அரியணையில், கலைகள் சூழ. ஓவியமாகப் பார்த்தால் பிரமிப்புதான். அந்த வானத்தின் கீழ் நின்றால் யாருக்கும் தலை சுற்றும். அதற்காக அந்த யானைமேல் பெண்ணில் ஆசியாவைத் தேடக் கூடாது. தியெப்போலோ இந்தப் பக்கம் வந்ததே இல்லை. அவள் ஆசியா என்ற இடம் இல்லை. ஓர் ஐரோப்பிய அரசவையில் ‘ஆசியா’ என்ற சொல்லுக்கு இருந்த பொருள்.

எப்போது நிறுத்த வேண்டும்

படிக்கப் பழகியவுடன் வரும் நோய் ஒன்று உண்டு: எதைப் பார்த்தாலும் உருவகம். ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் தியெப்போலோ 1760 வாக்கில் வரைந்த ஒரு படம் இருக்கிறது. ஓர் இளம்பெண், கூட ஒரு பஞ்சவர்ணக்கிளி, தோளிலிருந்து நழுவும் உடை. கிளி என்றால் ஆடம்பரமா, காமமா, தொலைதூர நாடா என்று அடுக்கிக்கொண்டே போகலாம். நான் அங்கே நிறுத்திவிடுவேன். பக்கத்தில் இன்னொரு அடையாளம் துணைக்கு வராதபோது ஒற்றைப் பொருளை வைத்துச் சொல் கட்டக் கூடாது. அழகான பெண், அழகான கிளி. ஓவியருக்கு இரண்டையும் வரையப் பிடித்திருந்தது. அது போதாதா?

பாதி ஆளாகவும் பாதி சொல்லாகவும் நிற்கிற படங்களும் உண்டு. வெனிஸைச் சேர்ந்த ரொசால்பா கரியேரா பேஸ்டல் என்ற வண்ணக் கோல்களால் முகம் வரைவதில் ஐரோப்பா முழுக்கப் பேர் பெற்றவர். அரசர்கள் அவருக்காகக் காத்திருந்தார்கள். பருவங்கள், பூதங்கள் (நிலம், நீர், தீ, காற்று) என்று நான்கு நான்காகப் பெண்களை வரைந்து கொடுத்தார்; வாங்கியவர்களுக்கு அவை தத்துவத்தைவிட அழகிய முகங்களாகவே பிடித்திருக்க வேண்டும். குளிர்காலத்துக்கு இத்தாலியனில் இன்வெர்னோ என்று பெயர், ஆண்பால். அதையும் அவர் பெண்ணாகவே வரைந்தார். நான் மேலே சொன்ன இலக்கண விதி சட்டம் இல்லை, பழக்கம்தான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

1730–31இல், ஐம்பதைத் தாண்டிய பிறகு, அவர் தன் முகத்தையே வரைந்து குளிர்காலம் என்று அமைத்தார். படம் இப்போது டிரெஸ்டனில் இருக்கிறது. இதில் ‘யார்’ என்ற கேள்விக்கும் பதில் உண்டு, ‘எந்தச் சொல்’ என்ற கேள்விக்கும் உண்டு. பத்தோனியின் படத்தில் அழகின் கன்னத்தை நோக்கி ஒரு கை போய்க்கொண்டிருந்ததே, அப்படி ஒரு கை இங்கே இல்லை. கட்டளையிடுகிற கிழவரும் இல்லை. நரைத்துப்போன ஒரு பெண், அலங்காரம் அதிகமில்லாத முகம், குளிருக்கு இதமாக ரோமம் வைத்த உடை. கோலை எடுத்துத் தன்னை வரைந்த கை, அவருடையதேதான்.